டிரான்சில்வேனியா: காட்டுக்கு அப்பாலா, ஏழு கோட்டையா?

கேள்வி: சார், ருமேனியாவில் இருக்கும் டிரான்சில்வேனியாவை ஜெர்மன் வரைபடத்தில் ‘சீபென்பூர்கன்’ என்று போட்டிருக்கிறது. இரண்டும் ஒரே இடம்தானா?

பதில்: ஒரே இடம்தான். பெயர்கள்தான் வெவ்வேறு வேரிலிருந்து வந்தவை. டிரான்சில்வேனியா லத்தீன் பெயர். ‘காட்டுக்கு அப்பால்’ என்று பொருள். 1075-ஆம் ஆண்டு ஆவணத்திலேயே ‘உல்த்ரா சில்வம்’ என்று வருகிறது. சீபென்பூர்கன் என்றால் ‘ஏழு கோட்டைகள்’. 12-ஆம் நூற்றாண்டில் ஹங்கேரி மன்னர் இரண்டாம் கேசா காலத்தில் ரைன், லக்சம்பர்க் பக்கத்து மக்கள் இங்கே குடியேறினார்கள். சாக்சன்கள் என்று அவர்களுக்குப் பெயர். ஏழு கோட்டை என்பது அவர்களுடைய ஏழு மதில் சூழ்ந்த ஊர்களைக் குறிக்கிறது என்பதுதான் பரவலான விளக்கம். ஹெர்மன்ஸ்டாட் (இன்றைய சிபியு), குரோன்ஸ்டாட் (பிரஷோவ்) இரண்டும் அவற்றில் அடக்கம்.

கேள்வி: எந்தக் காட்டுக்கு அப்பால்?

பதில்: நல்ல கேள்வி. ஹங்கேரிச் சமவெளியில் நின்று கிழக்கே பாருங்கள். நடுவில் காடடர்ந்த மலைகள். அதற்கு அப்பால் இந்த நிலம். உள்ளேயே வாழ்கிறவருக்கு அது ‘அப்பால்’ ஆகாது. பெயர் வைத்தவர் எங்கே நின்றார் என்பதை இந்தப் பெயரே காட்டிக்கொடுக்கிறது. இந்த ஊர்ப் பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

கேள்வி: ஹங்கேரியர்கள் ‘எர்தேய்’ என்கிறார்களே ஐயா, அது எதிலிருந்து வந்தது?

பதில்: ‘எர்தோ’ என்றால் காடு. ‘எர்தோ எல்வெ’, அதாவது காட்டுக்கு அப்பால் என்பது சுருங்கி எர்தேய் ஆனது. லத்தீன் பெயரின் பொருளும் இதுவே. ருமேனியர்கள் பேச்சில் சொல்லும் ‘ஆர்தியால்’ இதிலிருந்து போனது என்றே பெரும்பாலான மொழியியலாளர்கள் கருதுகிறார்கள். துருக்கியர்களுக்கு ‘எர்தெல்’.

கேள்வி: போலந்து, செக் மொழிகளில்?

பதில்: அங்கே ஏழு கோட்டைதான். போலிஷில் ‘ஷெட்மியோக்ருட்’, செக்கில் ‘செட்மிஹ்ராட்ஸ்கோ’. ஒலியை எடுக்காமல் பொருளை மொழிபெயர்த்துக்கொண்டார்கள். ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலியன் எல்லாம் லத்தீன் பக்கம்.

கேள்வி: கட்டுரை எழுதும்போது எதைப் போடலாம்?

பதில்: இன்றைய நிலத்தைப் பற்றி என்றால் டிரான்சில்வேனியா போதும். 1918-இல் ருமேனியாவோடு சேர்வதற்கு முந்தைய கதை என்றால், ஊர்ப் பெயர்களையாவது ருமேனியம், ஹங்கேரியம், ஜெர்மன் என மூன்று மொழியிலும் ஒருமுறை கொடுத்துவிடுங்கள். குளுஜ், கொலொஷ்வார், கிளௌசன்பர்க் மூன்றும் ஒரே நகரம் என்று தெரியாமல் வாசகர் திண்டாடக் கூடாது.

கேள்வி: ருமேனியர்களிடம் ‘ஏழு கோட்டை’ அடியோடு இல்லையா?

பதில்: பேச்சில்தான் இல்லை. ருமேனியாவின் அரசுச் சின்னத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். டிரான்சில்வேனியாவுக்கான கட்டத்தில் கழுகு, சூரியன், பிறைக்குக் கீழே ஏழு சிவப்புக் கோட்டைகள் இருக்கும்.