ஒன்பது பேர், ஓர் ஓடை

கேள்வி: அண்ணா, நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தைச் சுற்றியுள்ள ஒன்பது நண்பர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் உப்பனாறு கழிமுகத்தில் தூண்டில் போடுவோம். கொடுவா, கிழங்கான் பிடித்த அனுபவம் உண்டு. இப்போது எல்லோருக்கும் குளிர்ந்த மலை ஓடைகளில் வாழும் ட்ரவுட் மீன் மேல் ஆசை வந்துவிட்டது. ஆனால் பூச்சி போல் கட்டிய முள்ளை (ஃப்ளை) வீசிப் பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங் ஒருவருக்கும் தெரியாது. மே மாதம் ஊட்டிக்குப் போகலாம் என்கிறார்கள் சிலர், இமாசலம், காஷ்மீர் என்கிறார்கள் சிலர். எங்கே, எப்போது போவது? ஆளுக்கொரு ராடு (தூண்டில் கம்பு) வாங்க வேண்டுமா? பணக் கணக்கில் மனஸ்தாபம் வராமல் இருக்க என்ன செய்யலாம்? எங்கள் ஒன்பது பேரில் ஒருவரான என் சித்தப்பாவுக்கு 61 வயது, முழங்கால் வலி உண்டு. அவரையும் கூட்டிப்போகலாமா?

பதில்: தம்பி, முதலில் அந்த ஒன்பது என்ற எண்ணைப் பற்றிப் பேசிவிடுவோம். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

கழிமுகத்தில் ஒன்பது பேர் வரிசையாக நின்று தூண்டில் போடலாம். கடல் ஏற்றத்தோடு மீன் உங்களைத் தேடி வரும். நீங்கள் பேசிக்கொண்டிருந்தாலும், டீ குடித்துக்கொண்டிருந்தாலும் அது வரும். மலை ஓடையில் நிலைமை நேர் எதிர். அங்கே ட்ரவுட் தனக்கென்று ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நிற்கும். இரை அதனிடம் மிதந்து வரும். நாம்தான் மீனைத் தேடிப் போக வேண்டும், அதுவும் கீழ்த்தண்ணீரிலிருந்து, அதன் முதுகுப்பக்கமாக, சத்தமில்லாமல். முதலில் போகிறவர் நிழல் விழுந்தால், பின்னால் வரும் எட்டுப் பேருக்கும் அந்த மடு முடிந்தது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் புதுச்சேரியிலிருந்து நாங்கள் பதினோரு பேர் இமாசலத்தின் தீர்த்தன் ஆற்றுக்குப் போனோம். முதல் நாள் காலை ஒரு சிறு பாலத்தில் நின்று கீழே பார்த்தபோது, பளிங்குத் தண்ணீரில் நான்கு பிரவுன் ட்ரவுட் அசையாமல் நின்றன. உடம்பில் இருந்த சிவப்புப் புள்ளிகள்கூடத் தெரிந்தன. ஆசை தாங்காமல் பதினோரு பேரும் ஒரே கரையில் இறங்கினோம். முதல் ஆள் தூண்டில் நரம்பை வீசும் முன்பே நான்கும் பாறைக்கு அடியில் போய்விட்டன. மதியம்வரை ஒருவருக்கும் ஒரு கடி இல்லை. ஒருவர் நரம்பு இன்னொருவர் தொப்பியில் சிக்கி, இரண்டு பேர் சாயங்காலம்வரை பேசிக்கொள்ளவில்லை. மறுநாள் உள்ளூர் வழிகாட்டி ஒருவர் எங்களை இரண்டு மூன்று பேராகப் பிரித்து, குழுவுக்குக் குழு அரை கிலோமீட்டர் இடைவெளி விட்டு இறக்கினார். அன்றைக்குத்தான் மீன் கிடைத்தது. பேச்சும் திரும்பியது.

அதனால் நீங்கள் ஒன்பது பேரும் போங்கள், ஆனால் ஆற்றில் ஒன்பது பேராக இருக்காதீர்கள். நான்கு ஜோடி, சித்தப்பா தனி. சாப்பாட்டுக்கும் ராத்திரிப் பேச்சுக்கும் ஒன்றாகக் கூடுங்கள். யார் யாரோடு என்பதைக் கடலூரிலேயே முடிவு செய்துவிடுங்கள். எந்த ஜோடிக்கு எந்தத் தண்ணீர் என்பதைத் தினமும் மாற்றிக்கொண்டே இருங்கள். நல்ல மடு ஒரே ஜோடிக்கு இரண்டு நாள் போனால் மனக்கசப்பு அங்கிருந்துதான் தொடங்கும்.

ராடு ஆளுக்கு ஒன்று வேண்டாம், ஜோடிக்கு ஒன்று போதும். சிக்கனத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஒருவர் வீசும்போது மற்றவர் கரையில் குனிந்து உட்கார்ந்து தண்ணீரைப் பார்க்க வேண்டும். மீன் எங்கே மேலெழும்புகிறது, ஃப்ளை எங்கே தடுமாறி ஓடுகிறது என்பது வீசுகிறவரைவிடப் பார்க்கிறவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அரை மணிக்கு ஒருமுறை, அல்லது ஒரு மீனுக்கு ஒருமுறை கை மாற்றுங்கள். முதல் பயணத்தில் பாதி நேரம் பார்த்தவர்தான் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார். இது என் திடமான கருத்து. ஒன்பது அடி நீளம், ஐந்தாம் நம்பர் ராடு (நம்பர் என்பது லைனின் கன அளவு), அதே நம்பரில் மிதக்கும் லைன் என்ற தடித்த நூல், சாதாரண ரீல், இவ்வளவு போதும். தீர்த்தன் பக்கம் தங்கும் வீடுகள் சிலவற்றில் ராடு வாடகைக்கும் கிடைக்கும். அறை பேசும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி எங்கே என்ற கேள்வி. ஊட்டி பக்கம் என்று சொன்னவர்கள் ஒன்றும் தவறாகச் சொல்லவில்லை. நம் நீலகிரிக்கு ட்ரவுட்டோடு பழைய உறவு உண்டு. 1863-லேயே மீன் ஆய்வாளர் ஃபிரான்சிஸ் டே அங்கே ட்ரவுட்டைக் கொண்டுவர முயன்று தோற்றார். பிறகு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீன் வளர்ப்பு நிபுணர் எச்.சி. வில்சன் ஊட்டிக்கு அருகிலுள்ள அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார். ரெயின்போ ட்ரவுட் அந்தக் குளிர்ந்த ஓடைகளில் நிலைத்தது. ஆனால் அந்த ஓடைகள் இன்று பெரும்பாலும் காட்டுக்குள் இருக்கின்றன. அவலாஞ்சிக்குள் வனத்துறை வண்டியில்தான் சுற்றிப் பார்க்கப் போக முடியும். மீன்வளத்துறை, வனத்துறை இரண்டின் அனுமதியும் எழுத்தில் கைக்கு வராமல் தூண்டிலோடு அங்கே கால் வைக்கக் கூடாது. மே மாதம் என்றால் இ-பாஸ், கூட்டம், வண்டி நெரிசல் வேறு. ஒன்பது பேர் முதல் முறையாகக் கற்றுக்கொள்ளப் போகும் இடமாக நான் அதைச் சொல்ல மாட்டேன்.

காஷ்மீர் அழகு. ஆற்றைப் பீட் எனப்படும் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் குறிப்பிட்ட சில தூண்டில்களுக்கு மட்டும் உரிமம் தருகிறார்கள். அதுவே அதன் சிறப்பு, ஒன்பது பேருக்கு அதுவே சிக்கலும்கூட. கொஞ்சம் கை பழகியபின் நான்கு பேராகப் போங்கள்.

இந்த முறைக்கு இமாசலத்தின் தீர்த்தன் பள்ளத்தாக்குதான் சரி. குல்லு பகுதியில் பிரவுன் ட்ரவுட் விடப்பட்டு நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்று அது தானாகவே இனம் பெருக்கி வாழ்கிறது. சென்னையிலிருந்து டெல்லி அல்லது சண்டிகர். அங்கிருந்து மணாலி போகும் இரவுப் பேருந்தில் ஏறி, ஔட் சுரங்கத்துக்கு முன்பே இறங்கிவிட வேண்டும். தூங்கிவிட்டால் சுரங்கம் தாண்டிப் போய்விடுவீர்கள், நடத்துநரிடம் சொல்லி வையுங்கள். அங்கிருந்து பஞ்சார் வழியாகக் குஷைனி ஒன்றரை இரண்டு மணி நேர மலைப்பாதை. குஷைனி சுமார் 1,600 மீட்டர் உயரம், ஊட்டியைவிடத் தாழ்வுதான். மூச்சுத் திணறல் பயம் வேண்டாம். அங்கிருந்து மேலே போனால் கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்கா, 2014-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடம். பூங்காவுக்குள் போகத் தனி அனுமதி வேண்டும். உங்களுக்கு அது தேவைப்படாது, பூங்காவுக்கு வெளியே இருக்கும் ஆறே நான்கு ஜோடிக்குத் தாராளம்.

தேதிதான் ராடைவிட முக்கியம். இமாசலத்தில் நவம்பர் 1 முதல் பிப்ரவரி முடியும்வரை ட்ரவுட் பிடிக்கத் தடை. அது முட்டையிடும் காலம். ஜூலை, ஆகஸ்டில் மழை, மண்சரிவு, கலங்கல். ஆக, மார்ச் நடுவிலிருந்து ஜூன் தொடக்கம்வரை ஒரு வாய்ப்பு, செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர்வரை ஒரு வாய்ப்பு. உங்களுக்கு நான் இரண்டாவதைச் சொல்கிறேன். மழை நின்று தண்ணீர் தெளிந்திருக்கும், காலாண்டு விடுமுறையும் ஒட்டி வரும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். நமக்கு விஜயதசமியோடு பண்டிகை முடிகிறது, குல்லுவில் தசரா அன்றைக்குத்தான் தொடங்கி ஒரு வாரம் நடக்கிறது. அந்த வாரத்தில் பேருந்தும் அறையும் கிடைப்பது கஷ்டம். அந்த வருடத் தேதியைப் பார்த்து, அதற்கு முன்னோ பின்னோ வைத்துக்கொள்ளுங்கள். எப்படியும் ஐப்பசி பிறப்பதற்குள் ஊர் திரும்பிவிடுங்கள். 2015 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த கடலூர்க்காரருக்கு அந்த நேரத்தில் வீட்டில் ஆள் இருக்க வேண்டியதன் காரணத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

உரிமம் மீன்வளத்துறையிடம் எடுக்க வேண்டும். தங்கும் வீட்டுக்காரர் பெரும்பாலும் உதவுவார். எத்தனை மீன் வைத்துக்கொள்ளலாம், எவ்வளவு சிறியதை விட்டுவிட வேண்டும் என்ற விதிகளை ஒருவர் சத்தமாக வாசித்து எல்லோருக்கும் சொல்லட்டும். என்னைக் கேட்டால் ஒன்றையும் எடுக்காதீர்கள். சாப்பிட ஆசையாக இருந்தால், அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் வளர்க்கும் ட்ரவுட் உணவகங்களில் கிடைக்கும், நன்றாகவே இருக்கும். ஆற்றுமீனைக் கையை நனைத்துக்கொண்டு பிடித்து, தண்ணீருக்குள்ளேயே தூண்டில் முள்ளை எடுத்து, தலையை ஓட்டத்தின் பக்கம் திருப்பி, தானாக நழுவும்வரை தாங்கிப் பிடியுங்கள். காய்ந்த கையால் பிடித்தால் அதன் மேல் இருக்கும் வழவழப்பு உரிந்து நோய் பிடிக்கும். முள்ளில் மீன் நழுவாமல் பிடிக்கப் பின்பக்கமாக நீட்டியிருக்கும் எதிர்க்கொக்கியைக் குறடால் முன்கூட்டியே நசுக்கிவிடுங்கள்.

இனி பயிற்சி. இதில்தான் உங்கள் ஒன்பது பேரின் கடல் பழக்கம் உதவவும் செய்யும், குறுக்கே வரவும் செய்யும். நீங்கள் இதுவரை வீசியது ஈயத்தின் கனத்தை. ஈயம் பறக்கும், நரம்பு அதன் பின்னால் போகும். ஃப்ளைக்குக் கனமே இல்லை, ரோமமும் நூலும் சுற்றிய சிறு முள் அது. இங்கே கனம் அந்தத் தடித்த லைனில் இருக்கிறது. அதனால் ராடைப் பின்னால் கொண்டுபோனதும், லைன் முதுகுக்குப் பின்னால் முழுதாக நீளும்வரை நிறுத்த வேண்டும். மனசுக்குள் "ஒன்று, இரண்டு" என்று எண்ணுங்கள். கடலில் பழகிய கை அந்த இடைவெளியைப் பொறுக்காது. சாட்டை சொடுக்கிய மாதிரி ஒரு சத்தம் கேட்டால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

மஞ்சக்குப்பம் மைதானத்துப் புல்லில் பழகுங்கள். சில்வர் பீச் மணலில் வேண்டாம், மணலும் உப்பும் லைனைச் சுரண்டிவிடும். விடிந்ததும் ஆறரைக்குள் போய்விட்டால் காற்று அடங்கியிருக்கும், கடல்காற்று எழுந்தபின் புதியவர்களுக்குக் கஷ்டம். முள்ளுக்குப் பதில் நுனியில் சிவப்புக் கம்பளி நூல் கட்டுங்கள். முப்பது அடி தூரத்தில் ஒரு வாளியை வைத்து, அதைச் சுற்றி நூல் மெதுவாக விழும்வரை வீசுங்கள். தூரம் முக்கியமில்லை, தீர்த்தனில் பெரும்பாலும் முப்பது அடிக்குள்தான் மீன் நிற்கும். பத்து ஞாயிறு போதும்.

இன்னொரு பழக்கம் மாற வேண்டும். கொடுவா கடித்ததும் நாம் பலமாக ஓங்கி இழுப்போம். ட்ரவுட்டுக்குக் கட்டும் கடைசித் துண்டு நரம்பு நாலைந்து பவுண்டுதான் தாங்கும். எங்கள் குழுவில் கடலில் பெரிய மீன்களை இழுத்துப் பழகிய ஒருவருக்கு அந்த வாரத்தின் மிகப் பெரிய மீன் கடித்தது. அவர் இழுத்த இழுப்பில் நரம்பு அறுந்து, ஃப்ளையோடு மீன் போனது. ராடின் நுனியை மெதுவாக மேலே தூக்கினால் போதும், முள் தானே பதியும். இதையும் மைதானத்தில் பழகலாம். ஒருவர் கம்பளி நூலைப் பிடித்து லேசாக இழுக்கட்டும், மற்றவர் தூக்கட்டும்.

ஃப்ளை வகைகளை நினைத்துத் தலையைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆற்றில் இறங்கியதும் கணுக்கால் ஆழத்தில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். அடியில் பழுப்பு நிறத்தில், அரிசி அளவில் சிறு பூச்சிகள் ஒட்டிக்கொண்டு நெளியும். மீன் சாப்பிடுவது அதைத்தான். அதே நிறம், அதே அளவில் ஒரு ஃபெசன்ட் டெயில் நிம்ஃப் (தண்ணீருக்குள் மூழ்கும் ஃப்ளை) கட்டுங்கள். மேலே பூச்சி பறந்து மீன் வாய் வைக்கும் நேரத்துக்கு ஆடம்ஸ் எனப்படும் மிதக்கும் ஃப்ளை சில. முள் பெட்டியை விமானத்தில் கைப்பையில் வைக்காமல் பெரிய பையில் போட்டுவிடுங்கள்.

பணம். ஒருவரிடம் மட்டும் பொதுப்பணம் இருக்கட்டும், அவர் தினமும் ராத்திரி கணக்கை எல்லோரும் பார்க்கும்படி எழுதட்டும். பயணச்சீட்டு, அறை, வழிகாட்டி எல்லாம் பொதுவில். சொந்தமாக வாங்கும் சாமான் அவரவர் செலவு. கடைசி நேரத்தில் ஒருவர் வரவில்லை என்றால் முன்பணம் திரும்பாது என்பதை முதல் ரூபாய் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். கூச்சப்பட்டுச் சொல்லாமல் விடுவதுதான் பின்னால் பெரிய சண்டையாகிறது.

சித்தப்பாவைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். ஆற்றுக் கற்கள் பாசி பிடித்து எண்ணெய் பூசியது போல் வழுக்கும், அதனால் அவரை ஆற்றின் நடுவில் இறக்க வேண்டாம். தங்கும் வீட்டுக்குப் பக்கத்திலேயே தட்டையான கரையும் ஒரு மடுவும் இருக்கிற இடமாகப் பார்த்து அறை பிடியுங்கள். ஒரு வழிகாட்டியை முழு நாளும் அவருக்கென்றே அமர்த்துங்கள். கையில் ஊன்றுகோல், ரப்பர் அடி நன்றாகப் பிடிக்கும் செருப்பு, காலையில் ஒரு ஸ்வெட்டர். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள், ஒரு பை தொலைந்தாலும் மற்றது இருக்கும். அந்த மடுவை மற்ற நான்கு ஜோடியும் எந்த நாளும் தொடாமல் அவருக்கே விட்டுவிடுங்கள்.