வெளிநாட்டுக்காரர்கள் நம்மைவிட நேர்மையானவர்களா? அங்கே மொழி கற்பித்தவர்கள் சொல்லுங்கள்

"நம் ஊரில் நேர்மைக்கு மதிப்பே இல்லை, அதனால்தான் ஆங்கிலம் கற்பிக்க வெளிநாடு போகப் பார்க்கிறேன்" என்று கேள்விக்குக் கீழே எழுதியிருக்கிறீர்கள். பி.எட். முடித்துவிட்டு ஏதோ ஒரு தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்கு நொந்துபோய் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் கிளம்பினேன், உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் ஊரைப் பற்றிச் சொன்னதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

நான் பாம்பன்காரி. அம்மா கடலில் பாசி எடுப்பவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, முங்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசியைப் பாறையிலிருந்து பிய்க்க வேண்டும். ஜெல்லியில் சேர்க்கிற அகர் அதிலிருந்துதான் வருகிறது. கரையில் காயப்போட்டு, மண்ணும் சிப்பியும் போகும்வரை உதறித்தான் எடைக்குக் கொண்டுபோவார். வியாபாரி எப்படியும் கழிவு என்று எடையில் பிடித்துக்கொள்வார். "பிடிக்கத்தானே போறாங்க, எதுக்கும்மா இப்படி உதறுற?" என்று கேட்டால், "மண்ணுக்கா காசு வாங்கச் சொல்ற?" என்பார். நம் ஊரில் நேர்மை இல்லை என்று யார் எழுதினாலும் எனக்கு அந்த உதறல் சத்தம்தான் காதில் கேட்கிறது.

சரி, வெளிநாட்டுக்கு வருகிறேன். 2013-ல் ஓமானில் சூர் என்ற ஊருக்குப் போனேன். மஸ்கட்டிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மரக்கலம் கட்டுவதில் பேர்போன ஊர். கழிமுகம், அதன்மேல் ஒரு பாலம், மீன் வாடை. முதல் வாரம் அழுகையே வரவில்லை, அவ்வளவு எங்கள் ஊர் மாதிரி இருந்தது. ஒரு தனியார் நிலையத்தில் பெரியவர்களுக்கு மாலை நேர ஆங்கில வகுப்பு எடுத்தேன். டிரைவர்கள், மீனவர்கள், துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்கள் வருவார்கள்.

அரபியில் ஆங்கிலத்தின் 'ப' ஒலி கிடையாது. 'பேப்பர்', 'பார்க்கிங்' எல்லாவற்றையும் பம்பரத்தின் நடு எழுத்தைப் போலவே சொல்வார்கள். இதற்கு ஒரு பழைய வழி உண்டு. வாய்க்கு முன்னால் ஒரு தாளைப் பிடித்து 'பென்' என்று சொன்னால், ஒலி சரியாக இருந்தால் காற்றில் தாள் அசையும். நான் செய்து காட்டினேன். பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், "டீச்சர், உங்கள் தாளும் அசையவில்லை" என்றார். உண்மைதான். தமிழில் ப சொல்லும்போது அந்தக் காற்று வெளியே வராது. இருபது வருடம் ஆங்கிலம் படித்து, பட்டம் வாங்கி, அந்த நிமிடம்வரை எனக்கே அது தெரியாது. ஏதாவது சாக்குச் சொல்லிச் சமாளித்திருக்கலாம். "எனக்கும் வரவில்லை, சேர்ந்து பழகுவோம்" என்று சொல்லிவிட்டேன். பழகுவதற்கு நான் கொடுத்த சொல் பாம்பன். ஒரே எழுத்துத்தான், ஆனால் முதலில் வரும்போது ஓர் ஒலி, ம்-க்குப் பின்னால் வரும்போது வேறு ஒலி. இரண்டு வாரத்தில் வகுப்பே என் ஊர்ப் பெயரைச் சுத்தமாகச் சொன்னது.

அந்தப் பெரியவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். முன்பு கடலுக்குப் போனவர். ஒரு கம்பெனியில் டிரைவர் வேலைக்கு ஆங்கிலச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள், அதற்காகப் படித்தார். தேர்ச்சிக்கு 50 மதிப்பெண் வேண்டும், மிகச் சரியாக 50 வாங்கியிருந்தார். மொத்தத்தை நான்தான் கூட்டினேன். மறுநாள் தாளோடு வந்து, பேச்சுத் தேர்வுக்கான கட்டத்தைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். அந்தத் தேர்வை வைத்தவர் ஓர் ஓமானி ஆசிரியர், மதிப்பெண்ணை அவர்கள் எண்ணில் எழுதியிருந்தார். அவர்கள் எண்ணில் ஏழு என்பது நிமிர்த்தி வைத்த கூடை மாதிரி இருக்கும். அதையே கவிழ்த்தால் எட்டு. நான் ஏழை எட்டு என்று படித்திருக்கிறேன். அப்படியானால் மொத்தம் 49.

இதை நான் மறைக்காமல் எழுத வேண்டும். பட்டியல் இன்னும் ஆபீசுக்குப் போகவில்லை. எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. "ஒரு மார்க்தானே, இருக்கட்டும்" என்று சொன்னவள் நான். அவர் தலையை ஆட்டி, "இது என்னுடையது இல்லை, டீச்சர்" என்றார். அவ்வளவுதான் பேசினார். நான் அடித்துத் திருத்தும்வரை மேசையை விட்டு நகரவில்லை.

மூன்று மாதம் கழித்து மறுபடி எழுதி நல்ல மதிப்பெண்ணோடு தேறினார். அதற்குள் அந்த வேலைக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். திரும்பப் படகுக்கே போனார். என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

ஒருவரை வைத்து ஒரு நாட்டையே தூக்கிவைக்கிறேன் என்று கருத்துப் பெட்டியில் சண்டைக்கு வராதீர்கள். அதே ஊரில்தான் நிலையத்து முதலாளி எனக்கு மூன்று மாதச் சம்பளத்தை நிறுத்தி வைத்தார். அந்த மூன்று மாதமும் என்னைக் காப்பாற்றியது தெருமுனையில் கடை வைத்திருந்த மலையாளி அண்ணன். அரிசி, பருப்பு, போன் கார்டு என்று கேட்டதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு கொடுத்தார். ஒரு தடவைகூட நோட்டைத் திறந்து காட்டியதில்லை. வியாழக்கிழமை தோறும் அந்தப் பெரியவர் மீன் கொண்டுவருவார். நாங்கள் சீலா என்போம், சென்னையில் வஞ்சிரம், அவர்களுக்குக் கன்அத். படகை இழுத்துவிட்டவனுக்குக் கறிக்கு நாலு மீன் கொடுத்துவிட்டுப் போவது எங்கள் கரை வழக்கம். விலை பேசாமல், முகம் பார்க்காமல் பையை வைத்துவிட்டுப் போன விதம் அச்சு அசல் அதேதான். சம்பளம் வராததை நான் அவரிடம் சொல்லவே இல்லை.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தைத் "தண்ணியில்லாக் காடு" என்று சொல்லி, "அங்கே மாற்றிவிடுவேன்" என்று மேலதிகாரி மிரட்டுவது சினிமாவில்கூடச் சிரிப்புக் காட்சி. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. தண்டனையாக வருகிறவர் முதல் நாளே திரும்பிப் போக மனுப் போடுவார். பதினொன்றிலும் பன்னிரண்டிலும் எங்களுக்கு ஆங்கில ஆசிரியரே கிடையாது. வரலாற்று ஆசிரியர் ஒருவர், அவரும் அப்படி மாற்றப்பட்டு வந்தவர்தான், பள்ளி விட்ட பிறகு ஒரு மணி நேரம் உட்காரவைத்து ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார். பத்துப் பைசா வாங்கவில்லை. அவர் இல்லாவிட்டால் நான் சூருக்குப் போயிருக்கவே முடியாது. "நம் ஊரில் இல்லை" என்று எழுதும்போது அவரையும் சேர்த்துத்தான் எழுதுகிறீர்கள்.

போக வேண்டாம் என்று சொல்லவில்லை, தாராளமாகப் போங்கள். ஏஜெண்ட் பதிவு பெற்றவர்தானா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். சான்றிதழ்கள் உண்மையானவைதான் என்று அட்டெஸ்டேஷன் வாங்க நாள் பிடிக்கும், இப்போதே ஆரம்பியுங்கள். ஒப்பந்தத்தில் சம்பளத் தேதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வளைகுடா நாடு என்றால், விமானம் ஏறும் முன் அவர்கள் எண்களை எழுதிப் பழகிக்கொள்ளுங்கள். நம் பூஜ்யம் போல இருப்பது அங்கே ஐந்து, பூஜ்யம் வெறும் புள்ளி. ஏழையும் எட்டையும் இன்னும் இரண்டு தடவை கூடுதலாக எழுதிப் பாருங்கள்.