இதய ஒலியை இணையவழியில் கேட்கவைப்பது எப்படி?

கேள்வி: மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். ஜூம் வகுப்பில் இதய ஒலிப் பதிவுகளைப் போட்டுக்காட்டினால், பாதி மாணவர்களுக்கு 'லப்-டப்' மட்டும்தான் கேட்கிறதாம். முர்மர், அதாவது ரத்தம் சுழித்து ஓடும்போது எழும் இரைச்சல், கேட்கவில்லை என்கிறார்கள். பதிவு நல்ல பதிவுதான். தவறு எங்கே?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: ஒலி போய்ச் சேரும் வழியில். பதிவை ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு மைக் மூலம் அனுப்பினால், முர்மரையும் மின்விசிறிச் சத்தம் போன்ற இரைச்சலாக எண்ணி ஜூம் அடக்கிவிடும். 'ஷேர் ஸ்கிரீன்' கொடுக்கும்போதே 'ஷேர் சவுண்ட்' என்பதை டிக் செய்துவிடுங்கள். ஒலி மைக்கைத் தொடாமல் நேரே போகும்.

மாணவர் பக்கமும் பாருங்கள். 'டப்'பை அடுத்துச் சிலரிடம் கேட்கும் மூன்றாம் இதய ஒலியும் மைட்ரல் ஸ்டெனோசிஸ் (மைட்ரல் வால்வு சுருக்கம்) முர்மரும் மிகத் தாழ்ந்த சுருதி. போன், லேப்டாப் ஸ்பீக்கர்களில் அவை அநேகமாக எழும்பாது. ஒயர் உள்ள இயர்போன் கட்டாயம். புளூடூத்தில் மைக்கும் சேர்ந்து இயங்கினால் ஒலி தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். இன்னும் நல்லது, 20 நொடி மோனோ வேவ் கோப்பை (சுருக்கப்படாத ஒலிக் கோப்பு) முந்தைய நாளே அனுப்பிவிடுவது, 2 எம்.பி.கூட வராது. வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள்.

ஒலி சரியானபின்தான் பெரிய சிக்கல் வரும்: முர்மர் சிஸ்டோலில் (இதயம் சுருங்கும்போது) வருகிறதா, டயஸ்டோலிலா (விரியும்போது)? படுக்கையருகே கரோடிட் (கழுத்து) நாடியைத் தொட்டு முடிவு செய்கிறோம். திரையில் அந்த நாடி இல்லை. இதயம் வேகமாகத் துடிக்கும் பதிவில் தேர்ந்த காதே தடுமாறும். அதனால் ஒலியோடு ஈ.சி.ஜி. ஓடும் பதிவையே தேர்ந்தெடுங்கள். ஈ.சி.ஜி.யில் கூராக எழும் ஆர் அலையை ஒட்டி வருவது முதல் ஒலி, அதாவது 'லப்'. பதிவைக் கேட்கும் முன்பே மாணவர் ஸ்டெதாஸ்கோப்பைத் தம் மார்பில் இடப்பக்க 5ஆம் விலா இடைவெளியில், காறை எலும்பின் நடுக்கோட்டை ஒட்டி வைத்து, மறு கையால் ஒரு பக்கக் கரோடிடை மட்டும் மெல்லத் தொட்டுப் பார்க்கட்டும். இரண்டு பக்கமும் சேர்த்து அழுத்தக் கூடாது, மயக்கம் வரலாம். ஸ்டெதாஸ்கோப்பின் கிண்ணம் போன்ற முகமான பெல்லை லேசாக வைக்கச் சொல்லுங்கள். அழுத்தினால் தோல் விறைத்து, மறுபக்கத்துத் தட்டைச் சவ்வான டயஃப்ரம் போலாகி, தாழ்ந்த ஒலி மறைந்துவிடும்.

நோயாளியை இடப்பக்கம் ஒருக்களிக்க வைத்துக் கேட்பது, முன்சாய்ந்து மூச்சை வெளியே விடச் சொல்லிக் கேட்பது இரண்டையும் வார்டுக்கே விட்டுவிடுங்கள். காணொளியில் பார்த்து அவை கைவராது.

கேள்வி: ஸ்லைடில் போடும் ஈ.சி.ஜி.யில் டி அலைகள் (ஒவ்வொரு துடிப்பின் கடைசியில் வரும் மேடு) வழக்கத்தைவிட உயரமாகத் தெரிகின்றன. ஏன்?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: படத்தை ஓரத்தைப் பிடித்து இழுத்திருப்பீர்கள், மூலையைப் பிடித்து இழுங்கள். தாளில் கட்டங்கள் சதுரமாக இருக்கிறதா, 10 மி.மீ. உயரமும் 5 மி.மீ. அகலமும் உள்ள அளவுக்குறி அதே விகிதத்தில் இருக்கிறதா பாருங்கள். கட்டம் எண்ணி நாடித்துடிப்பைக் கணக்கிடுவது கெடாது, கட்டமும் சேர்ந்தே நீளுமே. ஆனால் வடிவத்தைப் பார்த்துப் பழகும் கண் ஏமாந்துபோகும். சிறு கட்டக் கோடுகள் மங்கிய படத்தை மட்டும் போடவே போடாதீர்கள், ஒரு சிறு கட்டத்துக்கான 0.04 நொடியை எண்ண முடியாமல் பி.ஆர். இடைவெளியை (பி அலை தொடங்கியதிலிருந்து ஆர் அலை உள்ள கூர்முனைத் தொகுதி தொடங்கும்வரை உள்ள நேரம்) மாணவர் ஊகிக்க ஆரம்பித்துவிடுவார்.