சோத்தப் பாத்தா ஏன் இவ்ளோ பயம்? டயட்டீஷியன் அக்காகிட்ட கேளுங்க

வணக்கம் மக்களே. மதுரைல டயட்டீஷியனா இருக்கேன், ஆஸ்பத்திரி வேலையில 16 வருஷம் ஓடிருச்சு. ஒழுங்கா சாப்பிடணும்னு ஆரம்பிச்சவங்களுக்கு சாப்ட்டப்புறம் வர்ற குத்த உணர்ச்சி இருக்குல்ல, அதப் பத்தி மட்டும் இன்னைக்கு பேசுவோம். ரெண்டு விஷயம் முதல்லயே சொல்லிடுறேன். ரத்த ரிப்போர்ட் போட்டோ அனுப்பாதீங்க, பாக்க மாட்டேன். சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவங்க எந்தக் காரணத்துக்கும் வேளைச் சாப்பாட்ட விடாதீங்க. இத இன்னைக்கு நாலஞ்சு தடவ சொல்லுவேன், பொறுத்துக்கங்க.

கேள்வி (வேளச்சேரி, ஐடி வேலை): அக்கா, திங்கள்லருந்து வெள்ளி வரைக்கும் ஓட்ஸ், சாலட், க்ரீன் டீனு கரெக்டா போகுது. ஞாயித்துக்கிழம ஃப்ரெண்ட்ஸோட ஒரு பிரியாணி. அதோட நிக்காது, சாயங்காலம் ஐஸ்க்ரீம், நைட்டு பரோட்டா. திங்கக்கிழம எட பாத்தா ஒன்றரை கிலோ ஏறிருக்கு, அன்னைக்கு முழுக்க பட்டினி. எனக்கு கட்டுப்பாடே இல்லையா?

பதில்: தம்பி, உங்களுக்கு கட்டுப்பாடு ரொம்ப ஜாஸ்தி, வம்பே அங்கதான். "முழுக்க நனைஞ்சப்புறம் முக்காடு எதுக்கு"னு நம்ம ஊர்ல சொல்லுவாங்கல்ல, அத 1975ல ஹெர்மன், மேக்னு ரெண்டு பேரு ஆராய்ச்சியாவே பண்ணிட்டாங்க. காலேஜ் பொண்ணுங்களுக்கு மில்க்‌ஷேக் குடுத்துட்டு அப்புறம் ஐஸ்க்ரீம் எவ்ளோ வேணாலும் சாப்பிடுங்கன்னு விட்டாங்க. டயட்ல இல்லாத பொண்ணுங்க மில்க்‌ஷேக் குடிச்சதால ஐஸ்க்ரீம கம்மியா சாப்ட்டாங்க. சாப்பாட்ட அடக்கி வச்சிருந்த பொண்ணுங்க நேர் எதிரா ஜாஸ்தி சாப்ட்டாங்க, இன்னைக்குதான் கெட்டுப்போச்சே இனி என்னன்னு. உங்க பிரியாணி அந்த மில்க்‌ஷேக். ஐஸ்க்ரீமும் பரோட்டாவும் பிரியாணியால வரல, "போச்சு"ன்னு நீங்க முடிவு பண்ணதால வந்துச்சு.

பட்டினிக்கும் ஒரு கத இருக்கு. 1944, 45ல அமெரிக்காவுல மின்னசோட்டா யூனிவர்சிட்டில ஆன்சல் கீஸ்ங்கறவரு 36 ஆம்பளைங்கள வச்சு ஒரு சோதனை பண்ணாரு. அத்தன பேரும் நல்ல ஆரோக்கியம், மனசும் திடமான ஆளுங்க. 24 வாரம் சாப்பாட்ட ஏறக்குறைய பாதியாக்கிட்டாங்க. எட கால்வாசி கொறஞ்சுச்சு, ஆனா அத விடுங்க, அவங்க மண்டைக்குள்ள சாப்பாட்டத் தவிர வேற ஒண்ணுமே ஓடல. அதுவரைக்கும் அடுப்படிப் பக்கமே போகாத ஆளுங்க சமையல் புத்தகம் வாங்கிச் சேக்க ஆரம்பிச்சாங்க, தட்ட நக்குனாங்க, சோதனை முடிஞ்சப்புறமும் சில பேருக்கு எவ்ளோ தின்னும் அடங்கல. இப்ப சொல்லுங்க, அஞ்சு நாளா அரை வயிறு ஓட்ஸ்ல ஓட்டிட்டு ஞாயித்துக்கிழம பிரியாணி வாசத்துக்கு மண்டை கிறுகிறுத்தா அது உங்க கேரக்டர் தப்பா?

அந்த ஒன்றரை கிலோ பெரும்பாலும் தண்ணி தம்பி. உப்பு ஜாஸ்தியானா தண்ணி தங்கும், மாவுச்சத்து உடம்புல சேந்தாலும் கூடவே தண்ணியப் புடிச்சு வைக்கும். ஒரு கிலோ கொழுப்பு ஏறணும்னா ஏறக்குறைய 7,700 கலோரி மிச்சமாகணும். ஒரு ஞாயித்துக்கிழமைல வழக்கத்த விட 1,500 கலோரி கூடவே சாப்ட்டீங்கன்னு வைங்க, 200 கிராம் கொழுப்பு. அதுக்கு திங்கக்கிழம பட்டினி கிடந்து, அந்தப் பசில அடுத்த ஞாயித்துக்கிழமைய இன்னும் பெருசாக்குறீங்க. திங்கக்கிழம காலைல மூணு இட்லி சாம்பார் சாப்பிடுங்க, எட மெஷின புதன்கிழம ஏறிப் பாருங்க.

கேள்வி (சேலம்): மேடம், சோறு சாப்பிடலாமா கூடாதா? சோத்தப் பாத்தாலே பயமா இருக்கு.

பதில்: சாப்பிடலாம். வெந்த சோறு 100 கிராம்ல 130 கலோரி, அவ்ளோதான். தட்டுல பாதி காய், ஒரு பங்கு பருப்பு, முட்டை, மீன் ஏதாவது ஒண்ணு, மிச்ச எடத்துல சோறு. காயை முதல்ல சாப்ட்டு சோத்துக்கு அப்புறம் வந்தா சுகர் சட்டுனு ஏறாது.

கேள்வி (ஓசூர்): சோத்துக்கு பதிலா சப்பாத்தி சாப்ட்டா எட கொறையுமா?

பதில்: ரெண்டு சப்பாத்தியும் ஒரு கப் சோறும் மாவுச்சத்துல கிட்டத்தட்ட ஒண்ணுதான். சப்பாத்தில கொஞ்சம் நார் கூட. எது புடிக்குமோ அது.

கேள்வி (திருச்சி, 61 வயசு): சுகர் மாத்திரை சாப்பிடுறேன். போன வாரம் தம்பி மகன் கல்யாணத்துல ஒரு ஜாங்கிரி சாப்ட்டுட்டேன். மனசு உறுத்துச்சு, அதனால நைட்டு மாத்திரைய மட்டும் போட்டுட்டு சாப்பிடாம படுத்துட்டேன். விடியக்காலைல வேர்த்து கை கால் நடுக்கம். இது ஜாங்கிரியாலயா?

பதில்: சார், ஜாங்கிரியால இல்ல, பட்டினியால. க்ளிமிபிரைடு மாதிரி சில மாத்திரைங்க நீங்க சாப்ட்டாலும் சாப்பிடலைன்னாலும் இன்சுலின சொரக்க வச்சுக்கிட்டே இருக்கும். வயித்துல ஒண்ணுமில்லன்னா சுகர் தரைமட்டத்துக்கு எறங்கிரும். ஜாங்கிரியால ரெண்டு மூணு மணி நேரம் சுகர் ஏறி எறங்கும், தாழ் சுகர் தூக்கத்துலயே ஆள சாச்சிரும். அடுத்த தடவ நடுக்கம் வந்தா 15 கிராம், அதாவது 3 ஸ்பூன் வெள்ளச் சக்கரைய தண்ணில கரைச்சு உடனே குடிங்க, கால் மணி நேரம் கழிச்சு சுகர் பாருங்க, ஏறலைன்னா திரும்பக் குடிங்க, அப்புறம் ஏதாவது சாப்பிடுங்க. இந்த வாரமே உங்க டாக்டர்கிட்ட நடந்தத சொல்லுங்க.

இதுல என் பங்கும் இருக்கு, சொல்லியே ஆகணும். வேலைக்கு சேந்த புதுசுல நான் குடுக்கிற சார்ட்டுல செவப்பு பேனால ஒரு லிஸ்ட் இருக்கும், "தொடவே கூடாது"ன்னு. ஒரு பாட்டி ஒழுங்கா அத ஃபாலோ பண்ணாங்க, எனக்கும் பெருமை. ஒரு நா வந்து சொல்றாங்க, "பேத்தி கல்யாணத்துல பந்தில உக்காரவே இல்லம்மா, உக்காந்தா கை போயிரும்னு பயம், வாசல்லயே நின்னு வர்றவங்களுக்கு பன்னீர் தெளிச்சுக்கிட்டிருந்தேன்"னு. என்னைய பாராட்டுறதா நெனச்சு சொன்னாங்க. அன்னைக்கு அந்த செவப்பு பேனாவ தூக்கிப் போட்டவதான். நீங்க அடுத்த கல்யாணத்துல உக்காந்து சாப்பிடுங்க சார், ஜாங்கிரில பாதி, சோறு கொஞ்சம் கொறச்சு, சாப்ட்டு ஒரு கால் மணி நேரம் மண்டபத்த சுத்தி நடங்க.

கேள்வி (ஈரோடு): எங்க வீட்ல வெள்ளச் சக்கரைய அடியோட விட்டுட்டோம். இப்ப எல்லாமே நாட்டுச்சக்கரைதான். லட்டு கூட அதுலதான் புடிச்சு வச்சிருக்கேன், குத்த உணர்ச்சியே இல்லாம சாப்பிடுறோம். கரெக்ட்தானே அக்கா?

பதில்: இப்ப பாருங்க, மேல அவரு ஒரு ஜாங்கிரிக்கு ராத்திரி பட்டினி கிடந்தாரு, நீங்க டப்பா நெறைய லட்டுக்கு நிம்மதியா இருக்கீங்க. குத்த உணர்ச்சி ரொம்ப மோசமான கணக்குப்பிள்ளைங்க, எப்பவும் தப்பான பேர்லதான் கணக்கு எழுதும். நாட்டுச்சக்கரை 100 கிராம்ல 380 கலோரி சொச்சம், வெள்ளச் சக்கரைல 400. ரெண்டுலயும் பெரும்பங்கு சுக்ரோஸ்ங்கற ஒரே இனிப்புதான். உலக சுகாதார நிறுவனம் 2015ல சொன்னது, சேத்துக்கிற சக்கரை ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள்ள, முடிஞ்சா 25 கிராமுக்குள்ள இருக்கணும்னு. அதுல வெல்லம், தேன் எல்லாம் அடக்கம்.

கேள்வி (தூத்துக்குடி பக்கம்): மேடம், நீங்க சொல்றது வெள்ளக்காரன் கணக்கு. கருப்பட்டில இரும்புச்சத்து இருக்கு, வெள்ளச் சக்கரைல என்ன இருக்கு?

பதில்: இருக்கு சார். 100 கிராமுக்கு 5 மில்லிகிராம்னு தாராளமாவே வச்சுக்குவோம். ஒரு ஸ்பூன்ல கால் மில்லிகிராம். நம்ம நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) கணக்குப்படி ஒரு பொம்பளைக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் வேணும். இரும்புக்காக கருப்பட்டி தின்னா இரும்பு வர்றதுக்கு முன்னாடி சுகர் வந்துரும்.

மறுபடி அவரே: எங்க தாத்தா 90 வயசு வரைக்கும் தெனம் கருப்பட்டி காப்பிதான். ஒரு மாத்திரை தொட்டதில்ல.

பதில்: தாத்தா என்ன வேலை பாத்தாரு?

அவரே: பனையேறி.

பதில்: காலைலயும் சாயங்காலமும் பனை ஏறி எறங்குன மனுஷன் கருப்பட்டி இல்ல, என்ன சாப்ட்டாலும் செரிச்சிருக்கும். நீங்க தெனம் எத்தன பனை ஏறுறீங்க சார்?

அவரே: நான் பேங்க்ல இருக்கேன். அதுக்காக எங்க ஊர் கருப்பட்டிய கேவலப்படுத்த வேணாம்.

இன்னொருத்தர் (நாகர்கோவில்): இப்ப கடைல வர்ற கருப்பட்டில பாதி சீனிய காச்சி ஊத்துனதுதான். மேடம் அத சொல்ல மாட்டேங்கறாங்க.

தூத்துக்குடிக்காரர்: எங்க ஊர்ல அப்படி இல்ல. எங்க சித்தப்பா வீட்ல காச்சுறாங்க, வந்து பாருங்க.

நாகர்கோவில்: எல்லாரும் சித்தப்பா வீட்லதான் காச்சுறாங்க.

பதில்: ஐயா ரெண்டு பேரும் நிறுத்துங்க, அங்க எட்டுக் கேள்வி காத்துக்கிட்டிருக்கு. கலப்படம் உண்மை, நல்ல கருப்பட்டி கெடைக்குதுங்கறதும் உண்மை. நான் கருப்பட்டிக்கு எதிரி இல்ல சார், என் வீட்லயும் சாயங்காலக் காப்பிக்கு அதான், சுக்கு தட்டிப் போட்டு. காரணம் ருசி. அந்த வாசம் சீனில வராது, அவ்ளோதான். ருசிக்காக சாப்பிடுறேன்னு நேராச் சொல்லிட்டா ஒரு டம்ளரோட நிப்போம். மருந்துன்னு சொல்லிக்கிட்டா மூணு டம்ளர் போகும். நமக்குப் புடிச்சத சாப்பிட எதுக்குங்க மெடிக்கல் சர்ட்டிபிகேட்?

கேள்வி (திருப்பூர், ரெண்டு புள்ளைங்க): புள்ளைங்க தட்டுல மிச்சம் வைக்கிறத எல்லாம் நான்தான் சாப்பிடுறேன். சாப்ட்டா டயட் போச்சேன்னு அழுகையா வருது, கொட்டுனா எங்கம்மா ஞாபகம் வருது, ரேஷன் அரிசிய கல்லு பொறுக்கி வடிப்பாங்க. என்ன பண்றது?

பதில்: தங்கச்சி, இன்னைக்கு வந்ததுலயே எனக்கு ரொம்பப் பழக்கமான கேள்வி இதான், எங்க வீட்லயும் இதே கததான். பசி பாத்து வளந்த வீட்ல சோறு கொட்டுறது சாதாரணமில்ல, அந்த உறுத்தல் வேணாம்னு நான் சொல்ல மாட்டேன், அது மரியாதை. ஆனா அத பரிமாறுற எடத்துல வைங்க, மிச்சத்துல வைக்காதீங்க. புள்ளைக்கு ஒரு கைப்பிடி போடுங்க, கேட்டா இன்னொரு கைப்பிடி. நாம பயத்துல மலையா குமிச்சு வச்சு, அது தின்னாம எந்திரிச்சு, அப்புறம் நாம குப்பைத்தொட்டி வேலை பாக்குறோம். பானைல தொடாம மிஞ்சுன சோத்துல ராத்திரி தண்ணி ஊத்தி வைங்க, காலைல மோரும் சின்ன வெங்காயமும் போட்டா அதுவே உங்க டிபன். இன்னொண்ணு கேக்குறேன், நீங்க உங்களுக்குன்னு தட்டு வச்சு உக்காந்து சாப்பிடுறீங்களா? நின்னுக்கிட்டே நாலு வாய், மிச்சம் ரெண்டு வாய்னு போனா வயிறு நெறஞ்சதே மனசுக்குத் தெரியாது. முதல்ல உக்காருங்கம்மா.

கேள்வி (மதுராந்தகம்): சோறு நல்லதா சப்பாத்தி நல்லதா?

பதில்: மேல இருக்கு.

கேள்வி (பேரு வேணாம், காலேஜ் ஹாஸ்டல், 19): சாப்ட்டா கொஞ்ச நேரத்துல பாத்ரூம் போய் வாந்தி எடுத்துடுறேன். யாருக்கும் தெரியாது. நெறைய சாப்ட்ட அன்னைக்கு மட்டும்தான்னு ஆரம்பிச்சேன், இப்ப வாரத்துல நாலு நாள் ஆகுது. எத சாப்ட்டா குத்த உணர்ச்சி வராது?

பதில்: கண்ணு, எல்லாரும் கொஞ்சம் அமைதியா இருங்க, இவளுக்கு பதில் சொல்லிடுறேன். இத எழுதுனதே பெரிய விஷயம்மா. எத சாப்பிடணும்னு ஒரு லிஸ்ட் குடுத்தா இது சரியாகாது, அதனால குடுக்கல. இது ஒரு நோய், உன் ஒழுக்கக் கேடு இல்ல, இதுக்கு வைத்தியம் இருக்கு. அடிக்கடி வாந்தி எடுத்தா ரத்தத்துல பொட்டாசியம் எறங்கும், அது நேரா இதயத் துடிப்பப் பாதிக்கும், வெளிய பாத்தா ஒல்லியா கூட தெரியாது. படபடப்பு, மயக்கம், வாந்தில ரத்தம் இதுல ஏதாவது இருந்தா விடியட்டும்னு இருக்காத, இன்னைக்கே எமர்ஜென்சிக்குப் போ. இல்லைன்னாலும் இந்த வாரம் ஒரு மனநல டாக்டர். 14416க்கு போன் போடு, டெலி மானஸ்னு கவர்மென்ட் நடத்துறது, காசு இல்ல, தமிழ்ல பேசலாம், ராத்திரி 2 மணிக்கும் எடுப்பாங்க. வாந்தி எடுத்த உடனே பல்லு தேய்க்காத, வெறும் தண்ணில கொப்பளிச்சா போதும், அமிலத்தோட தேய்ச்சா பல்லு மேல இருக்கிற எனாமல் பூச்சு போயிரும். அடுத்த வேளைய பட்டினி போடாத, பட்டினிதான் அடுத்த பெருந்தீனிய கொண்டாரும். நம்புற ஒரே ஒரு ஆள்கிட்ட சொல்லு, அம்மாகிட்ட முடியலைன்னா ரூம்மேட்டு.

அந்தப் புள்ளைக்கு யாரும் அட்வைஸ் போட வேணாம், எந்திரிச்சு யோகா பண்ணுனு ஒருத்தர் இப்பவே போட்டுட்டாரு. சார், தயவுசெஞ்சு.

கேள்வி (கரூர்): நெய் விட்டுக்கலாமா?

பதில்: ஒரு ஸ்பூன் 45 கலோரி. விட்டுக்கங்க, ஊத்திக்காதீங்க.

கேள்வி (அம்பத்தூர்): அப்பாவுக்கு கிட்னி ப்ராப்ளம், கிரியாட்டினின் 3.2, டயட் சார்ட் வேணும்.

பதில்: இங்க தர மாட்டேன். கிட்னி டாக்டரோட இருக்கிற டயட்டீஷியன நேர்ல பாருங்க. இளநி, பழம், பருப்பு எல்லாமே ரிப்போர்ட்டப் பாத்துதான் சொல்லணும்.

கேள்வி (வேலூர்): ஆபீஸ்ல எல்லாரும் டிபன் பாக்ஸ எட்டிப் பாத்து "இன்னும் சோறா, அதான் வெயிட்டு"ங்கறாங்க. அதுல இருந்து தனியா போய் சாப்பிடுறேன்.

பதில்: பாக்ஸோட திரும்பப் போய் அதே டேபிள்ல உக்காருங்க. அடுத்த தடவ கேட்டா "ஆமா, ரசஞ்சோறு, ஒரு வாய் வேணுமா"னு கேளுங்க. பாதிப் பேரு வாங்கிக்குவாங்க.

கேள்வி (பெங்களூரு): சுகர் இருக்கு, நாளைக்கு ஃபங்ஷன், இனிப்பு சாப்பிடப் போறேன்னு தெரியும், அதனால மத்தியானம் மாத்திர போட்டுட்டு சாப்பிடாம போலாமா?

பதில்: திருச்சி சாருக்கு எழுதுனத படிங்க. படிச்சுட்டு இன்னொரு தடவ படிங்க.

கேள்வி (தூத்துக்குடி, கருப்பட்டி சார்): மேடம், சித்தப்பா வீட்டுக் கருப்பட்டி ஒரு கிலோ அனுப்பவா? வாசத்தப் பாத்துட்டு அப்புறம் பேசுங்க.

பதில்: அட்ரஸ் எல்லாம் தர மாட்டேன் சார். ஆனா சுக்கு எவ்ளோ போடுவீங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க.

கேள்வி (விழுப்புரம்): அக்கா, மத்தவங்களுக்கு எல்லாம் சொல்றீங்க, நீங்க இன்னைக்கு என்ன சாப்ட்டீங்க?

பதில்: காலைல பொங்கல், வடை ஒண்ணு. மத்தியானம் சோறு, கீரை, வாழைப்பூ பொரியல், முட்டை. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு வாழைக்காய் பஜ்ஜி. சரி, ரெண்டு. நைட்டு சாப்பாட்டுக்கு மாவு இருக்கு, நேத்து மீன் கொழம்பும் இருக்கு, தோசை ஊத்தப் போறேன். அதனால இதோட முடிச்சுக்குவோம்.

கேள்வி (நாமக்கல்): மேடம் ஒரு நிமிஷம், சோத்துக்கு பதிலா சப்பாத்தி...

பதில்: கல்லு காஞ்சிருச்சுங்க, வர்றேன்.