முழங்கால் வலியும் பூநாரையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை, வயது 63. தை, மாசி மாதங்களில் தனுஷ்கோடி போகும் வழியில், கோதண்டராமர் கோயிலை ஒட்டிய நீர்ப்பரப்பில் பூநாரைகளைப் பார்க்கக் காலையிலேயே சென்று இரண்டு மணி நேரமாவது இருப்பேன். இப்போது முழங்கால் வலியால் மணலில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. வெளிநாட்டு வேட்டைக்காரர்களுக்கென்று செய்த மடக்கு இருக்கைகள் இணையத்தில் விற்கின்றன. அவற்றில் ஒன்றை வாங்கலாமா?
- வாசகி, ராமநாதபுரம்

பதில்: தாராளமாக வாங்கலாம், அம்மா. 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் தடுப்பது வேட்டையைத்தான், இருக்கையை அன்று. அசையாமல், ஓசையில்லாமல் நெடுநேரம் காத்திருக்க வேண்டிய தேவை வேட்டைக்காரருக்கும் பறவை பார்ப்பவருக்கும் ஒன்றுதான் என்பதால், அவர்களுக்காகச் செய்த பொருள் நமக்கும் உதவும். ஆனால் எது என்பதில் கவனம் வேண்டும். அமெரிக்காவில் காட்டு வான்கோழி வேட்டைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மரத்தில் முதுகைச் சாய்த்து, தரையை ஒட்டி அமர்கிறார்கள். அதற்கேற்ப அவர்களுடைய இருக்கைகளில் பல மிகத் தாழ்வானவை. தனுஷ்கோடியில் சாய்வதற்கு மரம் கிடையாது. அதைவிட முக்கியம், இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்டால் எழும்போது முழுப் பாரமும் உங்கள் முழங்காலில்தான் விழும்.

ஆகவே முதலில் உயரத்தைப் பாருங்கள். செருப்பு அணிந்து நின்று, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலோருக்கு அது 40 முதல் 45 சென்டிமீட்டருக்குள் இருக்கும். இருக்கையின் உயரம் அந்த அளவுக்குக் குறையாமல் இருக்கட்டும். துணி இருக்கையாக இருந்தால் உட்கார்ந்ததும் அது தொய்ந்து இறங்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

முக்காலிக்கு ஒரு பெரிய நன்மை உண்டு: தரை எவ்வளவு மேடுபள்ளமாக இருந்தாலும் அதன் மூன்று கால்களும் நிலத்தில் பதியும், நான்கு கால் நாற்காலி ஆடும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்க் கரைகளின் சரிவில், இரண்டு கால்கள் தண்ணீர்ப் பக்கமும் ஒரு கால் மேட்டுப் பக்கமுமாக வைத்தால் முன்பக்கம் கவிழாது. ஆனால் அதே கூரான கால்கள் ஈர மணலில் நீங்கள் உட்கார்ந்த மாத்திரத்தில் புதைந்துபோகும். புதைந்த அளவுக்கு உயரமும் குறைந்து, பழைய சிரமம் திரும்பி வரும். அகலமான ரப்பர்ப் பாதங்கள் உள்ளதாகப் பாருங்கள்; இல்லையென்றால் ஒவ்வொரு காலுக்கும் கீழே உள்ளங்கை அகலப் பலகைத் துண்டு ஒன்றை வையுங்கள். முக்காலியின் முக்கோணத் துணி தொடையின் அடிப்பகுதியை அழுத்திக் கால் மரத்துப்போகச் செய்வதும் உண்டு. இரண்டு மணி நேரம் அமரும் உங்களுக்கு, முதுகுச் சாய்வும் அகலமான துணியும் உள்ள மடக்கு நாற்காலியையே நான் பரிந்துரைப்பேன். எடை கூடினாலும் பரவாயில்லை. பனை ஓலைத் தடுக்கு ஒன்றை அதன்மேல் போட்டுக்கொண்டால் துணி வெயிலில் சுடாது.

வலியால் நீங்கள் நெளிந்தாலும் எழுந்தாலும் முதலில் அறிவது பறவைகள்தாம். இரை மேய்ந்துகொண்டிருக்கும் பூநாரைகள் ஒருசேரத் தலை நிமிர்த்தி விலகி நடக்கத் தொடங்கினால், நீங்கள் மிக அருகில் இருக்கிறீர்கள் என்று பொருள். நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்துங்கள். நாற்காலிக்கு மணல் நிறமோ காக்கியோ போதும். பளிச்சென்ற நீலமும் வெள்ளையும் வேண்டாம்.

கேள்வி: கடற்கரைக்கு எடுத்துச் செல்லும் மடக்கு நாற்காலி ஓராண்டிலேயே துருப்பிடித்து இறுகிவிடுகிறது. அலுமினியத்தில் வாங்கினால் தீருமா?
- வாசகர், தொண்டி

பதில்: பாதிதான் தீரும். அலுமினியக் குழாய் இரும்பைப் போலத் துருப்பிடிக்காது. ஆனால் அதை இணைக்கும் ஆணிகள் பல நாற்காலிகளில் இரும்பாகவே இருக்கின்றன. உப்பு நீர் பட்டால், இரண்டு உலோகங்கள் சேரும் அந்த இடத்தில் அரிப்பு இன்னும் விரைவாகும். வாங்கும்போது ஆணிகள் எவர்சில்வர்தானா என்று கேளுங்கள். வீடு திரும்பியதும் மூட்டுகளை நல்ல தண்ணீரில் கழுவி, விரித்த நிலையிலேயே நிழலில் உலர்த்தி, பிறகு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். கிறீச்சென்ற ஓசையும் அடங்கும்.