நாள் முழுக்க அதிர்வைப் பதிவு பண்ண முடியுமா?

கேள்வி: எங்க பம்ப் எப்பவாவது திடீர்னு பயங்கரமா அதிருது, அதிர்வு மீட்டரை எடுத்துட்டு ஓடறதுக்குள்ள அடங்கிடுது. 24 மணி நேரமும் சிக்னலைப் பதிவு பண்ணா மெமரி தாங்குமா?

பதில்: தாராளமா தாங்கும். ஆனா உங்க மீட்டர் முழு அலைவடிவத்தையும் சேமிக்குமான்னு முதல்ல பாருங்க, வெறும் மொத்த அளவை மட்டும் சேமிச்சா எப்ப அதிர்ந்துச்சுன்னு தெரியும், ஏன்னு தெரியாது. 1000 ஹெர்ட்ஸ் வரைக்கும் பாக்கணும்னா அதுல 2.56 மடங்கு, அதாவது செகண்டுக்கு 2560 சாம்பிள் (தனித்தனி அளவீடு) எடுக்கறது வழக்கம், 24 பிட்னா சாம்பிளுக்கு 3 பைட், ஆக ஒரு சேனலுக்கு (சென்சார்ல இருந்து வர ஒரு சிக்னலுக்கு) நாளைக்கு சுமார் 660 எம்பி. பேரிங் மேல சந்தேகம்னா 10,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் போகணும், அப்ப 6.6 ஜிபி ஆயிடும், கார்டு ஃபேட்32 ஃபார்மட்ல இருந்தா ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது, அதனால மணிக்கு ஒரு ஃபைலா பிரிச்சுக்கோங்க.

மெமரியை விட எனக்குக் கவலை சென்சார்தான். கையால பிடிக்கற பேச்சே வேண்டாம், பேரிங் ஹவுசிங்ல பெயின்டைச் சுரண்டிட்டு காந்தத்தால ஒட்டுங்க, 10,000 ஹெர்ட்ஸ்னா ஸ்க்ரூ போட்டு இறுக்கறதுதான் சரி. கேபிளையும் டேப் போட்டு ஒட்டிடுங்க, அது ஆடினாலே சிக்னல்ல பொய்யான அதிர்வு வரும். மீட்டர் அளக்கற ரேஞ்சைக் கொஞ்சம் தாராளமா வைங்க, இல்லன்னா நீங்க காத்துட்டிருந்த அந்தப் பெரிய அதிர்வே மேல வெட்டுப்பட்டுப் பதிவாகும். பேட்டரியை நம்பாம சார்ஜரை மாட்டியே விடுங்க.