பாஸ்டர் தரும் குழந்தையை வாங்கி வளர்க்கலாமா?

கேள்வி: நாங்கள் காட்பாடியில் இருக்கிறோம், சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவர்கள். எனக்கு 41 வயது, நர்ஸ் வேலை. கணவருக்கு 46. திருமணமாகி 13 வருடம் ஆகியும் குழந்தை இல்லை. குடியாத்தம் பக்கம் பிள்ளைகள் இல்லம் நடத்தும் ஒரு பாஸ்டர், திருமணமாகாத ஒரு பெண் பெற்ற இரண்டு மாதப் பெண் குழந்தையை எங்களுக்குத் தருவதாகச் சொல்கிறார். ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக்கொள்ளலாம், ஞானஸ்நானப் பதிவேட்டில் எங்களைப் பெற்றோராகப் போட்டுவிடலாம், இல்லத்துக்கு இரண்டு லட்சம் காணிக்கை கொடுத்தால் போதும் என்கிறார். மாமனார் இப்போது இல்லை. கிறிஸ்தவர்களுக்குத் தத்துச் சட்டமே கிடையாது, சொத்து கடைசியில் கொழுந்தனார்களுக்குத்தான் போகும் என்பது மாமியாரின் பேச்சு. சத்துவாச்சாரியில் கணவர் சம்பாத்தியத்தில் வாங்கிய மனையில் ஒரு பகுதியை ஆதரவற்ற பிள்ளைகளுக்கு எழுதி வைக்கவும் ஆசை. ஆனால் கிறிஸ்தவர் தர்மத்துக்கு உயில் எழுதினால் அதன்பின் ஒரு வருடம் உயிரோடு இருக்க வேண்டுமாமே? – வாசகி, காட்பாடி

பதில்: சகோதரி, முதலில் ஒன்று. அந்த இரண்டு லட்சத்தைக் கொடுக்காதீர்கள். முன்பணமாகக்கூட வேண்டாம்.

பாஸ்டர் நல்லெண்ணத்தோடு சொல்லியிருக்கலாம். கிராமங்களில் இப்படிக் குழந்தை கைமாறுவது நெடுங்காலமாக நடக்கிறது, அதைப் பாவம் என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் அதைக் குற்றம் என்கிறது. உரிய நடைமுறை இல்லாமல் குழந்தையைத் தத்துக் கொடுத்தாலோ வாங்கினாலோ மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் (பிரிவு 80). அதில் பணமும் கைமாறினால் 'காணிக்கை' என்ற பெயர் உங்களைக் காப்பாற்றாது. குழந்தையை விற்றது, வாங்கியது என்றே வழக்கு வரும். அதற்கு ஐந்து ஆண்டு வரை கடுங்காவல் (பிரிவு 81). குழந்தை கையில் இருக்கும்போது, அது 'அம்மா' என்று கூப்பிடத் தொடங்கிய பிறகு, அதிகாரிகள் வந்து எடுத்துப்போனால் உங்கள் மூன்று பேர் நிலையும் என்னவாகும் என்று யோசியுங்கள். எனக்கு ஜெயிலைவிட அதுதான் பெரிய பயம்.

ஸ்டாம்ப் பேப்பர் எவ்வளவு ரூபாய்க்கு வாங்கினாலும் அது தத்து ஆகாது. ஞானஸ்நானச் சான்றிதழ் சபைக்குள் செல்லும், உங்களைச் சட்டப்படி பெற்றோர் ஆக்காது. பெறாதவர்களைப் பெற்றோர் என்று பதிவேட்டில் எழுதுவது பொய்ப் பதிவு. எந்த ஆயரையும் அதற்குச் சம்மதிக்க வைக்காதீர்கள்.

பெற்ற பெண்ணை இந்தப் பேச்சில் யாருமே நினைக்கவில்லை என்பது என் மனதை உறுத்துகிறது. குழந்தையை வளர்க்க அவரால் முடியவில்லை என்றால், மாவட்டத்தில் உள்ள குழந்தைகள் நலக் குழு முன்பு வந்து ஒப்படைக்கலாம். குழு அவரோடு பேசும், ஆலோசனை தரும், அவர் விவரத்தை ரகசியமாக வைக்கும். ஒப்படைத்த பிறகும் மனதை மாற்றிக்கொள்ள 60 நாள் அவகாசம் உண்டு. அந்த 60 நாளை ஸ்டாம்ப் பேப்பர் பறித்துவிடுகிறது. பார்வோன் மகள் மோசேயை எடுத்து வளர்த்த கதையிலும் பெற்ற தாய் காணாமல் போகவில்லை, பாலூட்டியவர் அவர்தான். அந்தப் பெண் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் என்றால் விஷயம் குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்துக்குள் போகிறது. அது தெரிந்தவர்கள் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். பாஸ்டரிடம் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண்ணை அழைத்தால் குழுவிடம் போகும் வழியைச் சொல்வார்கள்.

சரி, மாமியார் சொன்னதற்கு வருவோம். அவர் சொன்னது ஒரு காலத்தில் உண்மைதான். 1956ஆம் ஆண்டின் தத்துச் சட்டம் இந்துக்கள், பௌத்தர்கள், சமணர்கள், சீக்கியர்களுக்கு மட்டும். கிறிஸ்தவர்கள் 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி குழந்தைக்குக் காப்பாளர் ஆகலாம், அவ்வளவுதான். பிள்ளை மேஜர் ஆனதும் அந்த உறவு சட்டத்தின் கண்ணில் முடிந்துவிடும். 2006இல் இளைஞர் நீதிச் சட்டத்தில் செய்த திருத்தம் இதை மாற்றியது. எந்த மதத்தினரும் இந்தச் சட்டத்தின் கீழ் தத்தெடுக்கலாம் என்று 2014இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கியது. இப்போதுள்ள சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, தத்து ஆணை வந்த நாளிலிருந்து அந்தக் குழந்தை உங்கள் வயிற்றில் பிறந்த குழந்தைக்குச் சமம், வாரிசுரிமை உட்பட.

இதைச் சொத்துக் கணக்காகப் பாருங்கள். கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். உங்கள் கணவர் உயில் இல்லாமல் காலமானால், பிள்ளை இல்லாத நிலையில் உங்களுக்குப் பாதிதான். மறுபாதியை மாமியாரும் கணவரின் உடன்பிறந்தவர்களும் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். முறைப்படி தத்தெடுத்த பிள்ளை இருந்தால் உங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைக்கு மூன்றில் இரண்டு. கொழுந்தனார்களுக்கு ஒன்றும் இல்லை. ஸ்டாம்ப் பேப்பர் பிள்ளைக்கோ அன்றைக்கு ஒரு செங்கல்கூடக் கிடைக்காது.

அப்படியானால் முறையான வழி என்ன? தத்தெடுப்பைக் கவனிக்கும் 'காரா' என்கிற மத்திய அமைப்பின் கேரிங்ஸ் இணையதளத்தில் நீங்கள் இருவரும் சேர்ந்து பதிய வேண்டும். வேலூர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டால் உதவுவார்கள். அப்புறம் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பேசி அறிக்கை எழுதுவார். அது மூன்று ஆண்டுக்குச் செல்லும். முறை வரும்போது குழந்தையின் விவரம் காட்டுவார்கள், 48 மணி நேரத்துக்குள் நீங்கள் முடிவு சொல்ல வேண்டும். முன்பு கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. 2022 செப்டம்பர் முதல் ஆணை போடுவது மாவட்ட ஆட்சியர். கட்டணம் விதியில் உள்ளதுதான், அதற்கு ரசீது உண்டு. அதற்கு மேல் நன்கொடை கேட்க எந்தத் தத்து மையத்துக்கும் உரிமை இல்லை. குழந்தை எந்த மதத்தில் பிறந்தது என்ற கேள்வியும் எழாது.

இங்கே உங்களுக்கு வருத்தமான ஒரு செய்தி சொல்ல வேண்டியிருக்கிறது. தம்பதியின் வயதைக் கூட்டிப் பார்ப்பார்கள். இரண்டு வயது வரையிலான குழந்தைக்குக் கூட்டு வயது 85க்கு மேல் போகக் கூடாது. உங்களுக்கு 87 ஆகிவிட்டது. ஆகவே கைக்குழந்தை கிடைக்காது, அந்த இரண்டு மாதக் குழந்தையும் முறைப்படி உங்களிடம் வர வழியில்லை. இரண்டிலிருந்து நான்கு வயது வரையிலான பிள்ளைக்கு வரம்பு 90, நான்கிலிருந்து எட்டு வரை 100. இருவருக்கும் ஒவ்வொரு வயது கூடுவதால் உங்கள் கூட்டு வயது வருடத்துக்கு இரண்டு ஏறும். அடுத்த வருடம் 89, அதற்கடுத்த வருடம் 91. பதிவு செய்யும் நாளின் வயதுதான் கணக்கு என்பதால் யோசித்துக்கொண்டே தள்ளிப்போடாதீர்கள். நான்கு, ஐந்து வயதுப் பிள்ளையைப் பற்றியும் கணவரோடு மனம்விட்டுப் பேசுங்கள். மொர்தெகாய் வளர்த்த எஸ்தரும் கைக்குழந்தையாக அவரிடம் வந்ததாக வேதம் சொல்லவில்லை.

மனை விஷயத்தில் நீங்கள் கேள்விப்பட்டது பழைய விதி. சகோதர சகோதரிகளின் பிள்ளைகளோ அதைவிட நெருங்கிய உறவோ இருக்கும் கிறிஸ்தவர் தர்ம காரியத்துக்கு உயில் எழுதினால், எழுதி 12 மாதமாவது உயிரோடு இருக்க வேண்டும், உயிலை ஆறு மாதத்துக்குள் பாதுகாப்பு வைப்பில் ஒப்படைக்க வேண்டும் என்று அந்த வாரிசுரிமைச் சட்டத்தின் 118ஆம் பிரிவு சொன்னது. கேரளத்துப் பாதிரியார் ஜான் வல்லமட்டம் தொடுத்த வழக்கில் 2003ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று ரத்து செய்துவிட்டது. இன்றும் சிலர் அதைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். கணவர் தாராளமாக எழுதலாம். ஆனால் பாஸ்டரின் பெயரில் எழுதக் கூடாது. எழுதினால் மனை அவருடைய சொந்தச் சொத்தாகி, பிறகு அவர் பிள்ளைகளுக்குப் போகும். பதிவு பெற்ற அறக்கட்டளையின் முழுப் பெயரையும் பதிவு எண்ணையும் போட்டு, என்ன காரியத்துக்கு என்பதையும் எழுதச் சொல்லுங்கள். உயிலால் பலன் பெறுகிறவரோ அவர் மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அந்தப் பலன் செல்லாது. எனவே வேறு இருவர் சாட்சியாக இருக்கட்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுங்கள், கொழுந்தனார்கள் பின்னால் கேள்வி கேட்பது குறையும். தத்து ஆணை வந்ததும் பிள்ளையின் பங்கைச் சேர்த்து உயிலைத் திருத்தி எழுதலாம்.

திக்கற்ற பிள்ளைகளை விசாரிப்பதைப் பக்தி என்கிறது யாக்கோபு நிருபம். அந்த எண்ணத்தோடுதான் இல்லத்துக்குக் கொடுக்க நினைக்கிறீர்கள் என்றால், கொடுப்பதைத் தத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 41ஆம் பிரிவில் இல்லம் பதிவாகியிருக்கிறதா என்று அந்தச் சான்றிதழைக் கேளுங்கள். தர மறுத்தாலோ மழுப்பினாலோ பணம் வேண்டாம், பாதுகாப்பு அலகுக்குத் தெரிவியுங்கள். அங்குள்ள பிள்ளைகளின் நலன் அதில் இருக்கிறது. பதிவு இருந்தால் காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுத்து ரசீது வாங்குங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால், 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய வரிச் சலுகையும் கிடைக்காது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அந்தச் சலுகை எப்படியும் இல்லை.

பதிவுக்கு உட்காரும் முன் ஒரு வேலை இருக்கிறது. நம் சபையார் பலருக்குத் திருமணப் பதிவேட்டில் ஞானஸ்நானப் பெயர் இருக்கும், ஆதாரிலும் பான் அட்டையிலும் பள்ளிப் பெயர் இருக்கும். உங்கள் இருவர் பெயரும் பிறந்த தேதியும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். மாறியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.